வலையமைப்புப் பாதுகாப்பு மென்பொருளும் பணிசெயல் முறைமைகளும்: ஆதரவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினி குறித்துத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையினவாக அமைகின்றன. பயன்படுத்தும் முறையைக் கற்பிப்பன ஒரு வகை. அதன் அற்புதங்களை வியந்துரைப்பன மற்றொரு வகை. இவ்விரு வகை எழுத்துகளிலும் கணினி வரலாறற்ற ஒரு பொருளாகவே தோன்றுகின்றது. அதனை ஆக்கியோர் யார், அது யாருடைய உடைமையாக இருந்தது, யாருடைய உழைப்பு அதனைத் தொடர்ந்து இயங்கச் செய்கின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இலக்கிய ஆராய்ச்சியில், ஒரு நூலின் தோற்றத்தையும் பரவலையும் அதன் சமூகப் பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டு பல காலமாகின்றது. செய்நிரலும் மனிதர் எழுதும் ஒரு பனுவலே. ஆதலின் அந்நோக்கு அதற்கும் பொருந்தும்.

இக்கட்டுரை ஒரு வினாவினை மாத்திரமே எடுத்துக்கொள்கின்றது. வலையமைப்புப் பாதுகாப்பு மென்பொருளொன்று எந்தெந்தப் பணிசெயல் முறைமைகளில் இயங்கவேண்டும் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது? தொழினுட்பவியலாளர் இதனைத் தொழினுட்பத் தேர்வாகக் கருதுவர்; வணிகர் சந்தைப் பங்கு பற்றிய கணக்காகக் கொள்வர். ஆயின் 1988 முதல் 2024 வரையான சில நிகழ்ச்சிகளை நிரல்பட நோக்குமிடத்து, இஃது அடிப்படையில் உழைப்புப் பற்றிய வினா என்பது புலப்படும்.

1. ஆதரவு என்னும் சொல்

பணிசெயல் முறைமை (தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர்) என்பது பொறிக்கும் செய்நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகம், கோப்பு, வலையமைப்பு ஆகியவற்றைப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருளாகும். யுனிக்ஸ், அதன் வழிவந்த பல்வேறு முறைமைகள், லினக்ஸ், விண்டோஸ் என்பன இவ்வகையின. இவற்றின்மீது இயங்கும் எச்செய்நிரலும் இவற்றிடம் சிலவற்றை வேண்டிப் பெறவேண்டியுள்ளது. ஒரு சொற்செயலியாயின் அது வேண்டுவன சிலவே. பாதுகாப்பு மென்பொருளின் நிலை வேறு. மறைகுறியாக்கத்திற்கு எவராலும் ஊகித்தறிய முடியாத எழுமாற்று எண்கள் வேண்டும். நினைவகத்தின் ஒரு பகுதி மற்றொன்றினுட் கசியாதிருத்தல் வேண்டும். செய்நிரல் தன் அதிகாரத்தைத் தானே துறந்து, தேவைக்கு மேற்பட்ட எதனையுந் தொடமுடியாத நிலையில் நிற்றல் வேண்டும். இம்மூன்றினையும் ஒவ்வொரு முறைமையும் வெவ்வேறு வகையில் வழங்குகின்றது, சில வழங்குவதேயில்லை.

எனவே, 'இம்மென்பொருள் இம்முறைமையை ஆதரிக்கின்றது' என்று கூறும்பொழுது, அம்முறைமையில் அது இயங்குகின்றது என்பதற்கும் மேலான ஒன்று உணர்த்தப்படுகின்றது. யாரோ ஒருவர் அம்முறைமையின் இயல்பை அறிந்து, அதற்கேற்பச் செய்நிரலைத் திருத்தி, முறைமை மாறுந்தோறும் தானும் மாற்றி, வழு கண்டவிடத்து அதனைக் களைந்து வருகின்றார் என்பதே அதன் பொருள். ஆதரவு என்பது மென்பொருளுக்கு இயல்பாக அமைந்த ஒரு பண்பு போலப் பட்டியல்களிற் காட்டப்படினும், உண்மையில் அது நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உழைப்பாகும். உற்பத்திப் பொருள் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்கும் என மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினைக் காண்பதரிது.

2. யுனிக்ஸ்: உடைமையும் கிளைபிரிதலும்

பல முறைமைகள் ஏன் தோன்றின என்பதை முதற்கண் விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ப்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் யுனிக்ஸ் உருவாக்கப்பட்டது. 1973இல் அது சீ என்னும் செய்நிரல் மொழியிலே திரும்ப எழுதப்பட்டது. அதுவரை பணிசெயல் முறைமைகள் குறிப்பிட்ட ஒரு பொறிக்கெனவே எழுதப்பட்டு, அப்பொறியோடு மடிந்து வந்தன. சீ மொழியில் அமைந்தமையால் யுனிக்ஸை ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தமைப்பது இயலுவதாயிற்று.

பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்தியது. 1956ஆம் ஆண்டில் அரசுடன் செய்துகொண்ட இணக்கத் தீர்ப்பின்படி அது தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகங்களில் ஈடுபட முடியாதிருந்தது. ஆதலின் யுனிக்ஸின் மூலக்குறிமுறை சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் அதனைப் படித்தனர், திருத்தினர், தம்முட் பரிமாறிக்கொண்டனர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1970களின் பிற்பகுதியில் உருவாகிய பீ.எஸ்.டி. என்னும் கிளை இவ்வாறு வளர்ந்ததே. 1984இல் ஏ.ரி. அன்ட் ரி. பிரிக்கப்பட்டபொழுது பழைய கட்டுப்பாடும் நீங்கியது. யுனிக்ஸ் ஒரு வணிகப் பண்டமாயிற்று. பொறி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு யுனிக்ஸை வைத்துக்கொண்டு, பிறரிடமிருந்து வேறுபடுவதையே விற்பனைக்குரிய சிறப்பாகக் காட்டினர். 1992இல் யுனிக்ஸின் உரிமை கோரித் தொடரப்பட்ட வழக்கு 1994இல் இணக்கத்தில் முடியும்வரை பேர்க்லிக் கிளையும் ஐயத்திற்குரிய நிலையிலேயே இருந்தது.

இவ்வரலாறு மனங்கொளத்தக்கது. பாதுகாப்பு மென்பொருளை எழுதுவோர் எதிர்கொண்ட முறைமைப் பன்மை இயற்கையாய் அமைந்ததொன்றன்று. பொதுவுடைமையாக வளர்ந்த ஒரு பனுவல், போட்டியிடும் உடைமைகளாகக் கூறுபோடப்பட்டதன் விளைவு அது.

3. 1988: தாக்குதலும் தேர்ந்தெடுக்கின்றது

1988 நவம்பர் 2ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான ரொபேட் மொரிஸ் எழுதிய ஒரு செய்நிரல் இணையத்தில் விடப்பட்டது. தானே தன்னைப் படியெடுத்துப் பரவும் இயல்பினதாகையால் அது புழு எனப்பட்டது. அக்கால இணையத்தில் ஏறத்தாழ 60,000 கணினிகள் இருந்தன என்றும், அவற்றுட் பத்திலொரு பங்கு பாதிக்கப்பட்டது என்றும் அன்று மதிப்பிடப்பட்டது. இரண்டாவது எண் ஊகமேயாயினும் பின்னர் பெரிதும் எடுத்தாளப்பட்டது.

நமது வினாவிற்கு இயைபுடைய செய்தி வேறொன்று. அப்புழு எல்லாக் கணினிகளையுந் தாக்கவில்லை. பீ.எஸ்.டி. வழி முறைமைகளை இயக்கிய வக்ஸ், சன்-3 ஆகிய இருவகைப் பொறிகளையே தாக்கியது. சிறியதொரு முன்னோடிப் பகுதி சீ மொழி மூலமாகவே அனுப்பப்பட்டு, சென்றவிடத்தில் தொகுக்கப்பட்டது. முதன்மைப் பகுதியோ இவ்விரு பொறிகளுக்கென முன்னரே ஆக்கப்பட்ட இரு வடிவங்களில் வந்தது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று வக்ஸ் பொறிகளில் மாத்திரமே பலித்தது. சன் பொறிகளுக்கேற்ற குறிமுறை எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே தாக்குவோனும் எம்முறைமைகளை 'ஆதரிப்பது' என்பதைத் தன் உழைப்பின் அளவுக்கேற்பத் தீர்மானிக்கின்றான்.

இந்நிகழ்ச்சியின் பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர நடவடிக்கைக் குழுவொன்று அரச நிதியுடன் அமைக்கப்பட்டது. வழுக்களைப் பற்றிய அறிவிப்பு ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆனால் அறிவிப்பினைப் பெற்றுத் திருத்தத்தை எழுதவேண்டியவர் யார் என்ற வினா அவ்வவ் உற்பத்தியாளரிடமே விடப்பட்டது.

4. எஸ்.எஸ்.எச்.: மூலபாடமும் பாடபேதமும்

1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒற்றுக்கேட்கப்பட்டன. தொலைவிலுள்ள கணினியுட் புகுவதற்கு அன்று பயன்பட்ட செய்நிரல்கள் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்பின. அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து யூலோனென் தொடர்பு முழுவதையும் மறைகுறியாக்கும் எஸ்.எஸ்.எச். என்னும் செய்நிரலை எழுதி, மூலக்குறிமுறையுடன் இலவசமாக வெளியிட்டார். சில மாதங்களில் அது பல நாடுகளிற் பரவியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் ஒரு கம்பனியை நிறுவினார். அடுத்தடுத்த பதிப்புகளில் உரிம நிபந்தனைகள் இறுகின. பொதுநிலத்திற்கு வேலியிடும் செயலை இங்கிலாந்தின் வேளாண்மை வரலாற்றிற் கற்றோர்க்கு இது புதிதன்று.

1999இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் குரொன்வால், உரிமம் தளர்வாயிருந்த பழைய பதிப்பான 1.2.12ஐ எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அதனை ஓப்பன் பீ.எஸ்.டி. என்னும் முறைமையை ஆக்குவோர் கையேற்றனர். தியோ டி ராட் என்பவரால் 1995இல் கனடாவின் கல்கரி நகரில் தொடங்கப்பட்ட இம்முறைமை, குறிமுறையை வரிவரியாகப் படித்து வழுக் களைவதைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. கனடாவில் அமைந்தமையால், மறைகுறியாக்க மென்பொருளின் ஏற்றுமதிக்கு ஐக்கிய அமெரிக்கா அன்று விதித்திருந்த தடைக்கும் அது உட்படவில்லை. மார்க்குஸ் பிரீடில், நீல்ஸ் புரோவொஸ் முதலியோர் பங்களிக்க, 1999 டிசம்பர் 1ஆந் திகதி வெளிவந்த ஓப்பன் பீ.எஸ்.டி. 2.6 உடன் ஓப்பன் எஸ்.எஸ்.எச். வெளியாயிற்று.

இங்குதான் நமது வினா கூர்மையடைகின்றது. ஓப்பன் பீ.எஸ்.டி.யைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். லினக்ஸையும் பிற யுனிக்ஸ்களையும் பயன்படுத்துவோரோ பலர். அவற்றிற்கெல்லாம் இயையுமாறு எழுதப்பட்ட அக்காலச் செய்நிரல்களை நோக்குவோர், 'இம்முறைமையாயின் இவ்வரிகளைக் கொள்க, அம்முறைமையாயின் அவ்வரிகளைக் கொள்க' என்னும் நிபந்தனைகள் ஒவ்வொரு பக்கத்திலும் பின்னிக் கிடப்பதைக் காண்பர். பல சுவடிகளின் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தாராது மூலபாடத்தினுள்ளேயே கலந்தெழுதிய பதிப்பொன்றைப் படிக்க நேர்ந்தோர்க்கு அதன் இடர் விளங்கும். எது ஆசிரியன் வாக்கு, எது இடைச்செருகல் என்று பிரித்தறிய முடியாத பனுவலில் வழுவைக் காண்பது எங்ஙனம்? பாதுகாப்பு மென்பொருளிலோ காணப்படாத வழு பகைவனுக்குத் திறந்த வாயிலாகும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, பணியை இரு குழுக்களிடையே பகிர்வதாகும். ஒரு குழு ஓப்பன் பீ.எஸ்.டி.க்கென மாத்திரம், நிபந்தனைகளற்ற தூய மூலபாடத்தை எழுதும். டேமியன் மில்லர் முதலியோரைக் கொண்ட மற்றைய குழு அதனைப் பிற முறைமைகளுக்குப் பெயர்த்தமைக்கும். இரண்டாவது பதிப்பு எண்ணின் இறுதியில் ஆங்கில 'பீ' எழுத்தொன்று சேர்க்கப்படும். பிற முறைமைகளில் இல்லாத வசதிகளைத் தனியான ஒரு பகுதி ஈடுசெய்யும். இயன்றவரை மூலபாடம் தீண்டப்படமாட்டாது. நல்ல பதிப்பாசிரியர் மூலத்தைத் தெளிவாக நிறுத்திப் பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் வைப்பது போன்றதே இது.

குறுகிய ஆதரவு தூய்மையைத் தரும்; பரந்த ஆதரவு பயனைத் தரும். இவையிரண்டும் ஒன்றையொன்று மறுப்பன. இம்முரண்பாட்டை ஒருபுறம் சாய்ந்து தீர்க்க முயலாது, இரண்டினையும் இரு வேறு உழைப்புகளாகப் பிரித்து ஓர் ஒழுங்கினுள் இணைத்தமையே ஓப்பன் எஸ்.எஸ்.எச். இன் வெற்றிக்கு அடிப்படை எனலாம். அதே ஆக்கியோர் பணிசெயல் முறைமை வகையில் குறுக்கத்தை நாடினும், பொறி வகையில் விரிவை விரும்பியமையும் குறிப்பிடத்தக்கது. ஒருவகைப் பொறியில் மறைந்து கிடக்கும் வழு வேறுவகைப் பொறியில் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்தம் அனுபவம். எனவே பன்மை தன்னளவிற் கேடன்று. அதனைத் தாங்கும் உழைப்பு எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதே முக்கியமாகும்.

ஆயினும் ஆதரவு எல்லாவிடத்தும் ஒரே தரத்ததாயிருக்கவில்லை. 2002இல் செய்நிரலை அதிகாரமுள்ள சிறுபகுதி, அதிகாரமற்ற பெரும்பகுதி என இரண்டாகப் பிரிக்கும் முறை இயல்புநிலை ஆக்கப்பட்டபொழுது, சில முறைமைகளில் அது தொடக்கத்திற் சரிவர இயங்கவில்லை. பிற்காலத்தில் லினக்ஸ், பிரீ பீ.எஸ்.டி., ஓப்பன் பீ.எஸ்.டி. ஒவ்வொன்றிலும் அவ்வவ் முறைமை தரும் வெவ்வேறு கட்டுப்பாட்டுப் பொறிமுறைகள் பயன்படுத்தப்பட்டன. எதுவுமற்ற முறைமைகளில் மிகத் தளர்ந்த ஒன்றே எஞ்சியது. ஒரே பெயரைத் தாங்கிய மென்பொருள் வெவ்வேறு மாந்தர்க்கு வெவ்வேறு அளவிலான பாதுகாப்பை வழங்கிற்று.

5. 2014: பழைய முறைமைகளின் சுமை

2014 ஏப்ரல் 7ஆந் திகதி ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட வழு வெளியிடப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க நூலகத்தில் 2012 முதல் இருந்துவந்த அவ்வழு, சேவையகத்தின் நினைவகத்திலுள்ளவற்றை எவரும் தொலைவிலிருந்து படிக்க இடமளித்தது. பல கோடி டொலர் வணிகத்தைத் தாங்கி நின்ற அந்நூலகத்திற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே என்பதும், அதற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 2,000 டொலர் மாத்திரமே என்பதும் அப்பொழுதே பலர்க்குத் தெரியவந்தது.

ஓப்பன் பீ.எஸ்.டி. குழுவினர் அக்குறிமுறையைப் படித்து, லிப்ரே எஸ்.எஸ்.எல். என்னும் தனிக் கிளையைத் தொடங்கினர். தொடக்க நாள்களிலேயே ஏறத்தாழ 90,000 வரிகள் நீக்கப்பட்டன. வீ.எம்.எஸ்., ஓ.எஸ்./2, நெற்வெயார், பழைய மக்கின்ரோஷ் முறைமை ஆகியவற்றிற்கென எழுதப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். இந்நீக்கத்திற்கு இடத்தை மிச்சப்படுத்துதல் காரணமன்று. சில முறைமைகளில் நினைவகப் பங்கீடு மந்தமாயிருந்தமையால், அந்நூலகம் தனக்கென ஒரு பங்கீட்டு முறையை வைத்திருந்தது. ஓப்பன் பீ.எஸ்.டி. போன்ற முறைமைகள் நினைவக வழுக்களைக் காட்டிக்கொடுக்கவென அமைத்திருந்த காவல்களை அது பயனற்றதாக்கியது. யாரோ சிலர் பயன்படுத்திய முறைமைக்குக் காட்டிய சலுகை, மற்றெல்லோருடைய காவலையும் அகற்றிவிட்டது. 'எல்லாவற்றையும் ஆதரித்தல்' என்னும் தாராள மனப்பான்மை உழைப்பின் துணையின்றி நிற்குமாயின் எத்தகைய கேட்டினை விளைவிக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

லிப்ரே எஸ்.எஸ்.எல். ஐப் பெயர்த்தமைக்கும்பொழுது எதிர்த்திசையிலும் ஒரு விளைவு ஏற்பட்டது. லினக்ஸில் எழுமாற்று எண்களைக் கோப்பொன்றைத் திறந்தே பெறவேண்டியிருந்தது. கோப்பைத் திறக்கமுடியாத நிலையில் பாதுகாப்பான மாற்றுவழி இருக்கவில்லை. இக்குறை சுட்டிக்காட்டப்பட்டதன் பின், 2014 ஒக்ரோபரில் வெளிவந்த லினக்ஸ் 3.17இல் அதற்கெனத் தனி அழைப்பொன்று சேர்க்கப்பட்டது. மென்பொருள் முறைமைக்கு இசைந்து கொடுப்பது மாத்திரமன்றி, முறைமையும் மென்பொருளின் கோரிக்கைக்கு இசைந்து மாறுகின்றது. இவ்வுறவு இயக்கவியல் உறவாகும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். குழுவினரும் பாடங் கற்றனர். முறைமைகளைத் தரம்பிரிக்கும் கொள்கையொன்றை அவர்கள் பின்னர் வகுத்துக்கொண்டனர். முதன்மையானவை, இரண்டாந் தரத்தவை, வெளியார் பேணுபவை, தத்தெடுக்கப்படாதவை என அது வகுக்கின்றது. இறுதிச் சொல் ஆழ்ந்து நோக்கற்பாலது. பொறுப்பேற்க ஆளில்லாத முறைமை ஆதரவற்றது என்பதை அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கின்றது.

6. விலைப்பண்டமான ஆதரவு

ஹார்ட்பிளீட் வெளியான மறுநாள், 2014 ஏப்ரல் 8ஆந் திகதி, மைக்ரோசொப்ற் கம்பனி விண்டோஸ் எக்ஸ்.பீ. முறைமைக்கான ஆதரவை நிறுத்தியது. நிறுத்தியது என்று கூறுவது முற்றிலும் சரியன்று. பணஞ் செலுத்துவோர்க்கு அது தொடர்ந்தது. பிரித்தானிய அரசு ஓராண்டுக் கால நீடிப்பிற்கென ஏறத்தாழ 55 இலட்சம் பவுண் செலுத்தியது. 2015இல் அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

2017 மே 12ஆந் திகதி வன்னகிறை என்னும் புழு பரவி, ஏறத்தாழ 150 நாடுகளில் 200,000இற்கும் மேற்பட்ட கணினிகளைப் பாதித்தது. ஐக்கிய அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் தன்னிடம் மறைத்துவைத்திருந்து, பின்னர் களவுபோய் வெளியான தாக்குதல் வழியே அப்புழுவிற் பயன்பட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை நிறுவனங்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை இடருற்றன. அதன் பின்னரே, பணஞ் செலுத்தியோர்க்கு மாத்திரம் வழங்கப்பட்டு வந்த எக்ஸ்.பீ. திருத்தம் எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டது. திருத்தம் எழுதும் உழைப்பு ஏற்கெனவே செலவிடப்பட்டிருந்தது. அதன் பயன் மாத்திரமே பூட்டிவைக்கப்பட்டிருந்தது.

எனினும் எளிதான முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. பாதிக்கப்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை எக்ஸ்.பீ. அல்ல, ஆதரவு நிலவிய விண்டோஸ் 7 முறைமையை இயக்கியவையே. அவற்றிற்கான திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனை நிறுவுவதற்கு வேண்டிய ஆளும் நேரமும் பல மருத்துவமனைகளில் இருக்கவில்லை. ஆதரவு உழைப்பு எனின், அவ்வுழைப்பு ஆக்குவோனிடம் முடிந்துவிடுவதில்லை. பயன்படுத்துமிடத்திலும் அது தொடரவேண்டும். பொதுச் சேவைகளின் செலவைக் குறைக்கும் அரசுகள் முதலிற் குறைப்பது கண்ணுக்குப் புலனாகாத இவ்வுழைப்பையே.

7. 2024: பேணுவோர் மீதான தாக்குதல்

2015 ஜூன் மாதம் மைக்ரோசொப்ற் விண்டோஸுக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். ஐக் கொண்டுவர இருப்பதாக அறிவித்தது. 2018இல் அது விண்டோஸ் 10இன் உறுப்பாயிற்று. அவ்வறிவிப்பின் பின் ஓப்பன் பீ.எஸ்.டி. நிதியத்திற்கு அக்கம்பனி நன்கொடையும் வழங்கியது. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்னர், 2014 ஜனவரியில், உலகின் சேவையகங்கள் பலவற்றைக் காத்துநின்ற மென்பொருளை ஆக்கிய அதே குழு, ஏறத்தாழ 20,000 டொலர் மின்கட்டணத்திற்கு வழியின்றி வெளிப்படையாக உதவி கேட்க நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

2024 மார்ச் 29ஆந் திகதி அன்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் செய்நிரலாளர் ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். வழி உட்புகுவதற்கு வழக்கத்திலும் அரை விநாடி கூடுதலாக எடுத்தமையை ஆராய்ந்த அவர், எக்ஸ்.இசெட். என்னும் கோப்புச் சுருக்க நூலகத்தில் பின்கதவொன்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். பொய்ப்பெயர் பூண்ட ஒருவர், களைத்துப்போயிருந்த தனியொரு பேணுநருக்கு ஆண்டுக்கணக்கில் உதவிசெய்து நம்பிக்கை பெற்றபின் அதனைப் புகுத்தியிருந்தார். ஓப்பன் எஸ்.எஸ்.எச். அந்நூலகத்தைப் பயன்படுத்துவதேயில்லை. ஆயின் டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர் தத்தம் முறைமையோடு அதனை இசைவிக்கும் பொருட்டுத் தாமே சேர்த்த திருத்தமொன்றினூடாக அந்நூலகம் உள்ளே வந்தது. பாடபேதம் அடிக்குறிப்பைக் கடந்து மூலத்தினுட் புகுந்த இடமே பகைவனின் வாயிலாயிற்று. அப்பின்கதவும் அவ்வகை லினக்ஸ் முறைமைகளையும் ஒருவகை முறைவழியாக்கியையும் மாத்திரமே இலக்காகக் கொண்டது. 1988இன் புழுவைப் போன்று இதுவும் தன் முறைமைகளைத் தேர்ந்தே வந்தது. ஆனால் அன்று பொறியின் வழு தேடப்பட்டது. இன்று கூலியற்ற உழைப்பாளியின் சோர்வு தேடப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை 1ஆந் திகதி ஓப்பன் எஸ்.எஸ்.எச். இன் பெயர்த்தமைப்புப் பதிப்பிலே கடுமையான வழுவொன்று குவாலிஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. லினக்ஸிற் பெரிதும் வழங்கும் சீ நூலகத்தில், பதிவேட்டிற் குறிப்பெழுதும் செயற்கூறு இடையீட்டுவேளையில் அழைக்கப்படத் தகாதது. ஓப்பன் பீ.எஸ்.டி.யில் 2001இலேயே அதற்குப் பாதுகாப்பான மாற்று அமைக்கப்பட்டிருந்தமையால் அங்கு தீங்கு விளையவில்லை. 2006இல் ஒருமுறை களையப்பட்ட வழு, பின்னாளில் நேர்ந்த ஒரு மாற்றத்தால் மீண்டுவந்ததே இது. பெயர்த்தமைக்கும் உழைப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். முதலாவது, சந்தைப் பங்கினை அளவுகோலாகக் கொண்டு முறைமைகளைத் தெரிதல், வாங்கும் வலிமையற்றோரைப் பாதுகாப்பிற்குப் புறத்தே நிறுத்தும். நம்முடையவை போன்ற நாடுகளின் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது வெறும் ஏட்டுவினாவன்று. பிறர் கழித்த பொறிகளில் பிறர் கைவிட்ட முறைமைகளைக் கொண்டு பணிபுரிவோர் இங்கும் உளர். இரண்டாவது, அதற்கு மாறாக எல்லாவற்றையும் ஆதரிப்போம் என்னும் நல்லெண்ணமும் போதாது. உழைப்பில்லாத வாக்குறுதி, 2014இற் கண்டதுபோல், எளியோரைக் காவாததோடு ஏனையோரையும் அம்பலத்தில் நிறுத்தும். மூலக்குறிமுறை திறந்திருப்பதனாலேயே அது பொதுவுடைமையாகிவிட்டது என்று மகிழும் நம் நண்பர் சிலர் இதனைச் சிந்தித்தல் நன்று. பனுவல் பொதுவானது, ஆனால் அதனைப் பேணும் உழைப்பின் பயனைத் துய்ப்போர் வேறு, அதன் சுமையைத் தாங்குவோர் வேறு.

ஆதலின் ஒரு பாதுகாப்பு மென்பொருள் எம்முறைமைகளை ஆதரிக்கவேண்டும் என்று வினவுவோர், அவ்வொவ்வொன்றிற்கும் பெயர்குறித்த பொறுப்பாளர் ஒருவர் உளரா, அவருடைய உழைப்புக்கு ஊதியம் தருவது யார், ஆதரவு இல்லாதவிடத்து அவ்வுண்மை பயன்படுத்துவோர்க்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளதா என்னும் மூன்றினையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். தூய மூலபாடமும் அதனைச் சூழ்ந்த பொறுப்புள்ள பெயர்த்தமைப்பும் என்னும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். இன் ஒழுங்கு, உழைப்பை ஒழுங்கமைக்கும் வழியொன்றைக் காட்டியுள்ளது. அவ்வுழைப்புக்கு உரிய பயனை வழங்கும் வழியினை அது காட்டவில்லை. தனியொரு மென்பொருட் குழு அதனைக் காட்டவும் இயலாது. அப்பணி, அம்மென்பொருளால் இலாபம் ஈட்டுவோரிடமிருந்தும் அதனை நம்பிப் பொதுச் சேவைகளை நடத்தும் அரசுகளிடமிருந்தும் வற்புறுத்திப் பெறவேண்டிய ஒன்றாகும்.